கத்தி பிடிக்கக் கற்பித்தவர்கள்

அறுவை வைத்தியராவதற்கு எத்தனை ஆண்டு படிக்க வேண்டும் என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. கணக்கு எளிது. எம்.பி.பி.எஸ். படிப்பும் அதைச் சார்ந்த பயிற்சியும் ஐந்தரை ஆண்டு. பொது அறுவை வைத்தியத்தில் எம்.எஸ். பட்டத்திற்கு மூன்று ஆண்டு. அதற்கு மேல் மூளை, இருதயம் என்று ஏதேனும் ஒரு தனித்துறையில் எம்.சிஎச். பட்டம் பெற இன்னும் மூன்று ஆண்டு. ஆகப் பதினொன்றரை ஆண்டு. ஆனால் அந்தக் கடைசி மூன்று ஆண்டுப் பயிற்சியைத் தரக்கூடிய ஓர் இடத்தை, முன்பு அப்படி ஒன்றுமே இல்லாத நாட்டில் உண்டாக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். நான் மூளை அறுவை வைத்தியம் பயின்று, பின்பு அதையே பலருக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனவே என் துறையின் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1967-ஆம் ஆண்டு. நான் பட்டம் பெற்ற புதிது. சென்னையிலிருந்து வெகு தொலைவில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் இரவு வேலை. பதநீர் இறக்கப் பனையேறிய ஒருவர் பாதி உயரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று அழைத்து வந்தார்கள். காதுக்கு மேலே சிறு வீக்கம். வேறு காயம் இல்லை. தாமே நடந்து வந்தார், என் கேள்விகளுக்குத் தெளிவாக விடை சொன்னார், தலைவலி என்றார். படுக்க வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். "அசதி, தூங்குகிறார்" என்றாள் மனைவி. நான் விளக்கைப் பிடித்துக் கண்ணைத் திறந்து பார்த்தேன். வலக்கண்ணின் கருமணி விரிந்து, ஒளிக்கு அசையாமல் நின்றது.

அது என்ன என்பது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். பொட்டு எலும்பு விரிந்து அதன் உட்புறம் ஓடும் நாடி அறுபட்டால், மண்டை ஓட்டுக்கும் மூளையைப் போர்த்திய கெட்டியான உறைக்கும் இடையே இரத்தம் தேங்கும். தேங்கும் வரையில் நோயாளி தெளிவாகப் பேசுவார். தேங்கியபின் அது மூளையை அழுத்தும். மூளைக்கு ஒதுங்க இடம் ஏது? உடனே பொட்டில் ஒரு துளையிட்டு, அதை அகலப்படுத்தி அந்த இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். துளையிடும் கருவி, தச்சன் மரத்தைத் துளைக்கும் கைத் துரப்பணம் போன்றதுதான், அந்த ஆஸ்பத்திரியின் அலமாரியில் இருந்தது. நான் அதை ஒருமுறையும் கையில் பிடித்ததில்லை. பிறர் பிடித்துப் பார்த்ததும் இல்லை. பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினேன். வழியிலேயே உயிர் போய்விட்டது. "ஐயா, என்னோடு பேசிக்கொண்டுதானே வந்தார்" என்று அந்த அம்மாள் மறுநாள் என்னிடம் கேட்டாள். புத்தகம் அறிந்திருந்ததை என் கை அறியவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்போது சென்னையிலும் வேலூரிலும் மூளை அறுவை வைத்தியம் தொடங்கி இருபது ஆண்டுகூட நிறையவில்லை. அதற்கு முன்பு இந்தியாவில் அதற்கென ஒரு தனித்துறை கிடையாது. பொது அறுவை வைத்தியர் யாரேனும் துணிந்து எப்போதாவது மண்டையைத் திறப்பார்; அவ்வளவே.

கோட்டயத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி 1910-இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் பஹ்ரைன் தீவின் மிஷன் ஆஸ்பத்திரியில் பால் ஹாரிசன் என்ற அமெரிக்க அறுவை வைத்தியரோடு வேலை செய்தார். பிறகு கனடா சென்று மாண்ட்ரியல் நரம்பியல் நிலையத்தில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்றார். பென்பீல்டு யார் தெரியுமா? வலிப்பு நோயாளியை விழிப்பு நிலையிலேயே வைத்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, நோயாளி சொல்வதைக் கேட்டபடியே அறுவை செய்தவர். மூளைக்கு வலி உணரும் சக்தி இல்லை என்பதால் அது கூடிற்று. அத்தகைய ஆசானிடம் பயின்ற சாண்டி, 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கினார். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அடுத்த ஆண்டு, 1950-இல், சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பயின்று திரும்பிச் சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் இதே வேலையைத் தொடங்கினார்.

நண்பர்களே, இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஒரு பெரிய நாட்டில் ஒரு வித்தையை அறிந்தவர் ஒருவரோ இருவரோ என்றால் அவருக்கு வரும் புகழுக்குக் குறைவிராது. நோயாளிகள் ரயிலேறி அவரைத் தேடி வருவார்கள். அவர் விரும்பினால் அப்படியே ஒற்றை அரசராக இருந்து காலம் கழித்துவிடலாம். அவர் காலமானால் வித்தையும் காலமாகும். நம் நாட்டுக் கைத்தொழில்கள் பலவற்றுக்கு நேர்ந்த கதி அதுதானே? இவ்விருவரும் அந்த வழியில் போகவில்லை. 1951-இல் சாண்டி, ராமமூர்த்தி, நரம்பியல் வைத்தியர் பல்தேவ் சிங், எஸ். டி. நரசிம்மன் என்ற நால்வரும் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். நால்வர் கூடி ஒரு தேசத்தின் பெயரைச் சங்கத்துக்குச் சூட்டினால் சிரிக்கத் தோன்றும். பின்னால் வருபவர்களுக்காகப் போட்ட நாற்காலிகள் அவை என்று நினைத்தால் சிரிப்பு வராது.

வேலூரில் மூளை அறுவை வைத்தியத்துக்கான பயிற்சித் திட்டம் தொடங்கியது 1958-இல். துறை பிறந்தது 1949-இல். நடுவில் ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டும் வீணாயிற்றா? நானும் பின்னாளில் ஒரு துறையை அமைக்க நேர்ந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. அறுவை வைத்தியர் ஒருவர் மட்டும் இருந்தால் அறுவை நடக்கும், கல்வி நடக்காது. மூளை வீங்காதபடி மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். நினைவிழந்தவரின் கண்மணியை மணிக்கொருமுறை பார்த்து எழுதிவைக்கும் நர்ஸ் வேண்டும். எடுத்த கட்டியைக் கண்ணாடியின் கீழ் வைத்து இன்னதென்று சொல்லும் நோய்க்கூற்று நிபுணர் வேண்டும். எக்ஸ்-ரே எடுப்பவரோ இன்னும் முக்கியம். இன்றைக்குச் சில நிமிஷங்களில் மூளையைப் படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் கருவி 1971-இல்தான் லண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்பட்டது. அதற்கு முன்பெல்லாம் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தியோ, கழுத்து நாடியில் மருந்தேற்றியோ படம் எடுத்து, அந்த நிழலில் கட்டியின் இருப்பிடத்தை ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் மண்டையின் தவறான பக்கத்தைத் திறந்துவிடுவோம்! ஆகவே நரம்பியல் வைத்தியரும் அறுவை வைத்தியரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது மாண்ட்ரியலில் கண்ட பாடம். பல்தேவ் சிங் வேலூரில் சாண்டியோடு சேர்ந்து பணி செய்தது அதனால்தான்.

இத்தனை பாடுபட்டு இங்கே ஏன் பயிற்சி தர வேண்டும், கெட்டிக்கார இளைஞர் பத்துப்பேரைக் கப்பலேற்றி அனுப்பினால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. போனவர்களில் பலர் திரும்புவதில்லை என்பது எல்லோரும் சொல்லும் விடை. அதைவிட வலிய விடை ஒன்று இருக்கிறது. நோயே வேறு. மேல்நாட்டுப் புத்தகத்தில் மூளைக்கட்டி என்றால் பெரும்பாலும் மூளையின் திசுவிலேயே வளரும் கட்டி. நம் ஆஸ்பத்திரிகளில் மண்டையைத் திறந்தபோது அடிக்கடி கண்டதோ க்ஷயரோகக் கட்டி. க்ஷயத்துக்கு மருந்தில்லாத காலத்தில் அதை அறுத்தெடுத்தால், நோய் மூளையுறை எங்கும் பரவி நோயாளி இறந்துபோவார். 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்து, பிறகு 1952-இல் ஐசோனியாசிட் மருந்தும் வந்தபின்பே அந்த அறுவைக்கு உத்தரவாதம் பிறந்தது. எப்போது அறுப்பது, எப்போது மருந்தோடு நிறுத்துவது என்பதை மாண்ட்ரியலோ நியூகாசிலோ கற்பித்திருக்க முடியாது. அங்கே அந்த நோயாளிகள் அவ்வளவு பேர் இல்லை. இங்கிருந்தவர்கள் தாமே கண்டு, எழுதி, விவாதித்து அறிந்தார்கள்.

அந்தப் பனையேறியின் சாவுக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து, தென்னாட்டில் அத்தகைய ஒரு துறையில் நானும் மாணவனானேன். முதல் ஆறு மாதம் தோலைத் திறப்பதும் தைப்பதும்தான் என் வேலை. பிறகு துளையிடுதல், பிறகு எலும்பைக் கதவு போலத் திறத்தல், மூளையைத் தொடுவது கடைசி. இப்படிப் படிப்படியாகப் பொறுப்பை ஏற்றும் முறையை 1889-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹால்ஸ்டெட் என்பவர் வளர்த்தார், உலகெங்கும் பரவியது.

ஒரு நாள் மண்டையின் நடுக்கோட்டுக்கு அருகே எலும்பைத் தூக்கியபோது, அங்கே ஓடும் பெரிய இரத்தக் கால்வாய் கிழிந்துவிட்டது. கண் இமைப்பதற்குள் எல்லாம் சிவப்பு. விரலை வைத்து அமுக்கினேன். என் ஆசிரியர் கையுறை அணியாமல், கைகளைப் பின்னால் கட்டியபடி சுவரோரம் நின்றிருந்தார். ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டுத் தாமே சரி செய்வார் என்று எதிர்பார்த்தேன். "விரலை எடுக்காதே. அவசரம் இல்லை" என்றார். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தச் சொன்னார். தொடையிலிருந்து கட்டை விரல் நகமளவு தசை எடுத்துத் தரும்படி துணை டாக்டரிடம் சொன்னார். அதைக் கிழிசலின் மேல் வைத்து, பஞ்சால் மூடி, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கச் சொன்னார். இரத்தம் நின்றது. அதற்குள் அவர் கை கழுவிக் கையுறை போட்டுக்கொண்டு என் அருகில் வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. தேவை நேர்ந்திருந்தால் ஏற்றிருப்பார். நேரவில்லை, எதையும் தொடாமல் மறுபடியும் சுவரோரம் போய்விட்டார்.

இதில் கசப்பான உண்மை ஒன்றுண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. மாணவன் கற்பது பெரும்பாலும் ஏழைகளின் உடம்பில். பணமுள்ளவர் ஆசிரியரின் கையையே கேட்டு வாங்கிக்கொள்கிறார். இலவசப் படுக்கையில் கிடப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. ஆசிரியர் அறையில் நிற்கும்வரை இது கல்வி. அவர் வெளியே போய் வேறு வேலை பார்க்கத் தொடங்கினால் இதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். சில இடங்களில் அவர் வெளியே போனதை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி இடங்களை ஆண்டுதோறும் கூட்டுகிறவர்கள், சுவரோரம் நிற்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டுமென்று நான் பல கூட்டங்களில் வாதாடி, பலருடைய நட்பையும் இழந்தேன்.

இன்று ஆப்பிரிக்காவின் கிழக்கு, மத்திய, தெற்கு நாடுகள் பல சேர்ந்து 1999-இல் நிறுவிய அறுவை வைத்தியர் கல்லூரி ஒன்று உண்டு. அதற்குப் பெரிய கட்டடம் இல்லை. மாணவர் தம் தம் நாட்டு ஆஸ்பத்திரியிலேயே இருந்து பயில்கிறார். பரீட்சையும் தரமும் பொது. நாம் பட்ட பாட்டை அவர்கள் வேறு வழியில் படுகிறார்கள். பாதுகாப்பான அறுவை சிகிச்சை தக்க சமயத்தில் எட்டாத மக்கள் உலகில் 500 கோடிப்பேர் என்று 2015-இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. நம் நாட்டுக் கிராமங்களும் அதில் அடக்கம்.

ஏனெனில் தனித்துறை நிபுணர்கள் பெருகினாலும் அவர்கள் நகரத்தில்தான் பெருகுகிறார்கள். பொட்டில் நாடி அறுந்தவருக்கோ உள்ள நேரம் சில மணிதான். என் பனையேறிக்கு வேண்டியிருந்தவர் மாண்ட்ரியல் நிபுணர் அல்லர். துரப்பணம் பிடிக்கத் தெரிந்த ஓர் உள்ளூர் டாக்டர். அதனால் நான் ஆசிரியனான பின், பொது அறுவை வைத்தியம் பயிலும் மாணவர்களையும் சில மாதம் எங்கள் துறைக்கு அனுப்ப வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தேன். மூளை நிபுணராகப் போகாதவனுக்கு இது எதற்கு என்று அவர்களே முணுமுணுத்தார்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்பு, நள்ளிரவில் ஒரு டெலிபோன். அப்படி முணுமுணுத்தவர்களில் ஒருவர், ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். லாரியிலிருந்து விழுந்த கிளீனர் பையன், வரும்போது பேசினான், இப்போது இடக்கண் விரிந்துவிட்டது, சென்னைக்கு அனுப்பட்டுமா என்றார். துரப்பணம் இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார். பிடித்துப் பழக்கம் உண்டா என்றேன்.

"ஐயா நிற்கும்போது மூன்று முறை செய்திருக்கிறேன்."

"அப்படியானால் என்னோடு என்ன பேச்சு? போனை வை" என்றேன்.

விடியும்வரை எனக்கு உறக்கம் இல்லை. ஆறரை மணிக்கு மறுபடியும் மணி அடித்தது. பையன் கண் விழித்துத் தண்ணீர் கேட்கிறான், கொடுக்கலாமா என்று கேட்டார்.