திபிலீசி நகரின் நிலவறை மதுச்சாலை

காக்கேசிய மலைத்தொடருக்குத் தெற்கே, கருங்கடலை மேற்கெல்லையாகக் கொண்டு கிடக்கும் நாடு ஜோர்ஜியா. பரப்பில் இலங்கையைக் காட்டிலும் சற்றே பெரியது. மக்கட்டொகையிலோ நம்மில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கினது. அதன் தலைநகர் திபிலீசி. வெதுவெதுப்பு என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. பழைய கோட்டையின் அடிவாரத்தில் ஊறும் கந்தக வெந்நீர் ஊற்றுக்களே அதற்குக் காரணம். ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாக்தாங் என்னும் அரசன் வேட்டையாடிய வேளையில் அவ்வூற்றினைக் கண்டு அங்கே நகரமைத்தான் என்பது கதை. திருகோணமலைக் கன்னியாவை அறிந்த நேயர்களுக்கு, வெந்நீரூற்று உள்ள இடத்தில் கதையும் ஊறுவது வியப்பாகத் தோன்றாது.

1795ஆம் ஆண்டிலே பாரசீக மன்னன் ஆகா முகம்மது கானின் படை இந்நகரை எரித்தழித்தது. ஆதலின் இன்று பழைய நகரம் என்று பயணிகளுக்குக் காட்டப்படும் வீடுகளுட் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தவை. செதுக்கு வேலை அமைந்த மரப் பலகணிகள் தெருவின்மேல் நீண்டு நிற்கும். இப்பகுதியில் சொலொலாக்கி என்றொரு வட்டாரம் உண்டு; முன்னாளில் செல்வவணிகர் மாளிகை கட்டி வாழ்ந்த இடம். அங்கே ஒரு சிறு தெருவுக்குக் கலாக்தியோன் தபீத்சே என்னும் கவிஞரின் பெயரை இட்டிருக்கின்றனர். அத்தெருவிலேதான், நிலமட்டத்துக்குக் கீழே சில படிகள் இறங்கிச் செல்லும் ஒரு செங்கல் நிலவறையில், சிறு உற்பத்தியாளர் சிலர் ஒன்றுகூடி 2012ஆம் ஆண்டில் ஒரு மதுச்சாலை தொடங்கினர். 'வீனோ அண்டர்கிரவுண்ட்' என்பது அதன் பெயர்.

தலைநகர் ஒன்றில் மதுச்சாலை திறப்பது செய்தியாகாது. ஆயின் இங்கே வைக்கப்பட்டவை ஆலைகளில் இலட்சக் கணக்கிற் செய்யப்பட்ட போத்தல்களல்ல. சேதன முறையில் வளர்த்த முந்திரிகைக் கனிகளைத் தம் வீட்டு நிலவறையிலேயே புளிக்கவைத்த குடியானவர்களின் மது அது. சேதனம் என்ற சொல் நம் நாட்டு உழவர்க்கு விளக்க வேண்டிய சொல்லன்று. 2021ஆம் ஆண்டில் ஒரே போகத்துக்குள் அதனைக் கட்டாயமாக்க முயன்றதன் பயனை அவர்கள் வயலிலேயே கண்டனர். ஜோர்ஜியாவின் குடியானவன் எவர் கட்டளைக்கும் பணிந்து இம்முறையைக் கைக்கொண்டவனல்லன். தன் வீட்டுத் தேவைக்குச் செய்ததைத் தந்தை செய்தபடியே செய்தான்.

அவன் செய்யும் முறை கேட்கத்தக்கது. குவெவ்ரி என்பது முட்டை வடிவான, அடி கூர்த்த, பெரிய மட்சாடி. உள்ளே தேன்மெழுகு பூசப்பட்டிருக்கும். வாய் மட்டும் தெரியக் கழுத்தளவு நிலத்துக்குள் புதைத்துவிடுவர். தமிழ் நாட்டு முதுமக்கள் தாழியைப் படத்திற் கண்டோர் அதனை நினைவுகூரக்கூடும். ஆனால் இத்தாழி உயிருள்ள ஒன்றுக்கு இடமளிப்பது. மிதித்துப் பிழிந்த சாறும், தோலும், விதையும், கிழக்கிலுள்ள காகெத்திப் பகுதியாயிற் காம்பும் ஒருங்கே அதனுட் செல்லும். நொதியை எவரும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. பனங்கள் தானே நுரைத்துப் புளிப்பதுபோல, கனித்தோலிலும் நிலவறையிலும் உள்ள நுண்ணுயிர்களே வேலையைத் தொடங்கிவிடும். மேலே மிதந்தெழும் தோற்படையை நாளுக்குப் பலமுறை மரக்கோலால் அமுக்கிவிடுவர். புளிப்பு அடங்கியதும் தோலும் விதையும் கூரிய அடியிற் போய்த் தங்கும். பின்னர் மூடியிட்டு, களிமண்ணால் அடைத்து, ஐந்தாறு மாதம் விட்டுவிடுவர். மண்ணின் குளிர்ச்சியே குளிரூட்டி. வேனிலின் தொடக்கத்தில் திறக்கும்போது, வெள்ளைக் கனியிலிருந்து பிறந்த மதுவும் தோலோடு கிடந்த காரணத்தால் தேயிலைச் சாயம்போலப் பொன்னிறமாயிருக்கும். அதன் துவர்ப்பும் தேநீரின் துவர்ப்புக்கு அயலானதன்று.

2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இம்முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. 2017ஆம் ஆண்டிலே, திபிலீசிக்குத் தெற்கே அகழப்பட்ட புதுக் கற்காலக் குடியிருப்புக்களிற் கிடைத்த மட்கல ஓடுகளில் முந்திரிகை மதுவின் எச்சம் உண்டென்றும், அது கி.மு. 6000 அளவினதென்றும் ஆய்வாளர் வெளியிட்டனர். அன்று முதல் எண்ணாயிரம் ஆண்டு என்னும் தொடர் அந்நாட்டின் விளம்பரங்களிலெல்லாம் ஏறிவிட்டது. மதுவுக்கு அவ்வயது தகும். புதைத்த சாடிக்கும் அதே வயதென்பது சான்றினும் விரைந்தோடும் பேச்சு.

இத்தனை தொன்மையுடைய ஒன்று, தன் சொந்தத் தலைநகரில் ஒரு நிலவறைக்குள் மீண்டும் தொடங்கவேண்டி நேர்ந்தது ஏன்? சோவியத் ஆட்சிக்காலத்தில் மது உற்பத்தி அரசாங்க ஆலைகளின் கைக்குப் போயிற்று. திட்டத்திற் குறித்த அளவை எட்டுவதே ஆலையின் கடமை. அந்நாட்டுக்கேயுரிய முந்திரிகை இனங்கள் 500க்கு மேற்பட்டவை. ஆலைகளோ நன்றாய்க் காய்க்கும் சிலவற்றையே விரும்பின. ரிக்காத்சிதேலி என்னும் வெள்ளைக் கனியும் சபெராவி என்னும் கருங்கனியும் எங்கும் பரவின. மற்றையவை வீட்டுக் கொல்லைகளிலும் ஆய்வுத் தோட்டங்களிலும் ஒதுங்கின. 1985இல் கோர்பச்சேவ் தொடங்கிய மதுவொழிப்பு இயக்கத்தில் பல தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. மதுவொழிப்பு நல்ல நோக்கமே. அதற்காகப் பழைய கொடிகளைப் பிடுங்கியதை நன்றென்று கொள்ள இயலாது. பின்னர் 2006ஆம் ஆண்டில் இரசியா ஜோர்ஜிய மதுவின் இறக்குமதியைத் தடைசெய்தது. ஏற்றுமதியின் பெரும்பகுதி அந்நாட்டுக்கே போய்க்கொண்டிருந்தமையால் ஆலைகள் தத்தளித்தன. ஆனால் அந்த முட்டுக்கட்டையே சிறு உற்பத்தியாளரை வேறு வாசல்களைத் தட்டச் செய்தது. வீட்டுச் சாடியில் இருந்ததைப் பிற நாட்டார் விரும்பி வாங்குவதை அவர்கள் கண்டனர்.

சொலொலாக்கி நிலவறையில் இறங்கும் பயணி இவ்வரலாற்றின் எச்சத்தையே மேசையிற் காண்கின்றான். ஒவ்வொரு போத்தலுக்கும் பின்னே ஒரு குடும்பம், ஒரு கிராமம். களிமண் அடுப்பின் உட்சுவரில் அப்பிச் சுட்ட நீண்ட பாணும், பாற்கட்டியும், அரைத்த அக்குரோட்டுப் பருப்புச் சேர்ந்த மரக்கறியும் அந்நாட்டு மதுவுக்கு வழக்கமான துணை. அங்கே விருந்தில் எவரும் தன்னிச்சையாகக் குடிப்பது மரியாதையன்று. தமதா எனப்படும் விருந்துத் தலைவன் எழுந்து, அமைதிக்கு, இறந்தோர்க்கு, குழந்தைகளுக்கு என ஒவ்வொன்றாய் வாழ்த்துரைத்த பின்னரே கிண்ணம் உயரும். மதுவிலக்கை மதிக்கும் நம்மவரும் அந்த உரைகளை விரும்பிக் கேட்பர்.

இங்கொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்தல் வேண்டும். சேதன மது என்றால் ஏதும் சேராத மது என்று பலர் எண்ணுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2012ஆம் ஆண்டில் வகுத்த விதியின்படி, சேதனச் சிவப்பு மதுவில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் வரை கந்தகச் சேர்மம் இருக்கலாம். சாதாரண மதுவுக்கு எல்லை 150. சேதனத் தோட்டங்களில் பூஞ்சணத்துக்குச் செப்புக் கலவை தெளிப்பதும் அளவோடு அனுமதிக்கப்பட்டதே. குவெவ்ரி மது செய்வோர் பலர் கந்தகத்தை மிகக் குறைவாகவோ சேர்க்காமலோ விடுகின்றனர். அதனால் சிலவேளை நன்மதுவும், சிலவேளை காடிக்கு ஒரு படி முந்தியதும் கிடைக்கும். எதனைப் பயணியின் முன் வைப்பது, எதனைத் திருப்பியனுப்புவது என்று தேர்ந்தறிவதிலேதான் இத்தகைய மதுச்சாலையின் மதிப்பு தங்கியிருக்கின்றது. இயற்கை என்னும் பெயரைச் சொல்லிப் பழுதான சரக்கை விற்கும் சாலை, கிராமத்துக் குடியானவனுக்கே கேடு செய்கின்றது.

இன்று இரசியத் தடை இல்லை. 2013இல் அது நீங்கியது. ஜோர்ஜிய மதுவை மிகுதியாக வாங்கும் நாடு மீண்டும் இரசியாவே. ஆலைகள் பழையபடி ஓடுகின்றன. சாடியில் செய்த மதுவோ அந்நாட்டின் மொத்த உற்பத்தியிற் சிறு துளி. அத்துளியை நாடிப் பயணிகள் பெருகப் பெருக, வேண்டப்படும் சாடிகளின் தொகையும் பெருகுகின்றது. சாடி வனைவோரோ மிகச் சிலர். காகெத்தியில் வர்திசுபானி, மேற்கே இமெரெத்தியில் மகாத்துபானி போன்ற ஊர்களிலே தந்தையிடம் மகன் கற்ற தொழில் அது. குயவன் சக்கரத்தில் இப்பெருஞ்சாடி எழாது. களிமண்ணைத் திரிகளாக உருட்டி, ஒரு நாளைக்குச் சில அங்குலம் மட்டும் கையால் உயர்த்தி, அது சற்று உலரும்வரை காத்திருந்து மறுநாள் அடுத்த திரியை வைக்கின்றான். ஈரம் உலருமுன் மேலும் ஏற்றினால் சுவர் சரிந்துவிடும். ஆள் உயரச் சாடி ஒன்று சூளைக்குப் போகும் நிலையை அடைய வாரங்கள் பல செல்லும்.