முளையைக் கண்டவர்கள்

ஆராய்ச்சியாளர் ஒருவரைப் பாராட்டுவதென்றால் நம் மனக்கண்முன் எழுவது ஒரு மேடை. மேடையிலே மாலையும் பதக்கமும். அவற்றை ஏற்பதற்கு மெல்ல நடந்து வருகின்ற நரைத்த தலையர் ஒருவர். அதில் தவறொன்றும் இல்லை. முதுமைக்கு மரியாதை செய்வது நல்ல வழக்கமே. ஆயினும் அந்த மாலையினால் அவருடைய ஆராய்ச்சிக்கு ஆகப்போவது அதிகமில்லை. அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், பெயரறியாத இளைஞராக ஆய்வுகூடத்தின் ஒரு மூலையில் அவர் இருந்த காலத்தில். அப்போது அவரைக் கண்டுகொண்டவர் யார்? எவ்வாறு கண்டுகொண்டார்? இன்று உங்களோடு பேச விரும்புவது இதைப்பற்றித்தான். பொதுப்படப் பேசினால் உபதேசமாகிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆகையால் சூழலியல் ஆராய்ச்சியில் உண்மையாக நடந்த ஒரு வரலாற்றையே எடுத்துக்கொள்கிறேன். அது ஓசோன் படையின் வரலாறு.

ஓசோன் என்பது மூன்று அணுக்கள் கூடிய ஒட்சிசன். நிலத்துக்குமேல் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீற்றர் உயரத்தில் அது மெல்லிய ஒரு போர்வைபோலப் பரந்துள்ளது. சூரியனிலிருந்து வரும் ஊதாக் கடந்த கதிர்களின் கொடுமையைத் தடுத்து, நம் தோலையும் கண்ணையும் பயிர்களையும் காப்பது அதுவே. இந்தப் போர்வையை மனிதனால் கிழிக்கமுடியும் என்று முதலில் எண்ணியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்.

போல் குருட்சன் என்பவர் 1933ஆம் ஆண்டு அம்ஸ்ரடாமிலே பிறந்தவர். பள்ளி இறுதிப் பரீட்சைக் காலத்தில் காய்ச்சலால் வருந்தியமையால், பல்கலைக்கழக உதவிப்பணம் பெறுவதற்குப் போதிய புள்ளிகள் அவருக்குக் கிடைக்கவில்லை. தொழில்நுட்பப் பள்ளியொன்றிற் குடிசார் பொறியியல் கற்று, நகரத்துப் பாலங்கள் கட்டும் பணிமனையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் ஸ்ரொக்கோமில் வளிமண்டலவியற் பகுதிக்குக் கணனியை இயக்க ஒருவர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தார். கணனி வேலையில் அவருக்கு அனுபவம் எள்ளளவும் இல்லை. இருந்தும் அவரைத் தெரிந்தெடுத்தார்கள். 1959இல் அங்கே சென்றவர் வேலை செய்துகொண்டே விரிவுரைகளுக்கும் போனார். பட்டத்துக்கான ஆராய்ச்சிக்கு, ஓசோன் என்ற பொருளைத் தாமே தெரிந்துகொள்ள அவருக்கு இடமளித்தார்கள். 1970இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, நைதரசன் ஒட்சைட்டுகள் ஓசோனைச் சிதைக்கும் வகையை எடுத்துக் காட்டிற்று. சான்றிதழை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பாலங்கட்டும் இளைஞரை வாயிலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அடுத்தவர் மெக்சிக்கோ நாட்டவர், மாரியோ மொலினா. கலிபோணியாவிற் கலாநிதிப் பட்டம் பெற்றபின், 1973இல் அர்வைன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷேர்வூட் ரோலண்டிடம் வந்து சேர்ந்தார். ரோலண்ட் அவர் கையில் ஒரு வேலையைத் திணிக்கவில்லை. சில ஆராய்ச்சிப் பொருள்களை எடுத்துச் சொல்லி, விரும்பியதை எடுத்துக்கொள்ளும்படி விட்டார். குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான் புட்டிகளிலும் அக்காலத்திற் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் என்னும் சேர்வைகள் காற்றிற் கலந்தபின் என்னவாகின்றன என்ற கேள்வியை மொலினா தெரிந்தெடுத்தார். எதனோடும் தாக்கமுறாத சாதுவான பொருள்கள் அவை. அந்தச் சாதுத்தன்மையே ஆபத்து என்பதைச் சில மாதங்களுக்குள் இருவரும் கண்டுகொண்டார்கள். கீழே அழியாமையால் அவை மேலே ஏறுகின்றன. அங்கே கடுங்கதிர் பட்டுச் சிதைகின்றன. விடுபட்ட குளோரீன் அணு, தான் அழியாமல், ஓசோன் மூலக்கூறுகளை ஆயிரம் ஆயிரமாக அழிக்கிறது.

1974 ஜூன் மாதத்தில் "நேச்சர்" என்னும் சஞ்சிகையில் வந்த அந்தக் கட்டுரையைப் பார்ப்பவர்கள் ஆசிரியர் பெயர்களைச் சற்றுக் கவனிக்கவேண்டும். முதலில் நிற்பது மொலினாவின் பெயர். இரண்டாவதாகவே ரோலண்டின் பெயர். புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர், தம்மிடம் வந்து ஓராண்டுகூட நிறையாத இளைஞனின் பெயருக்குப் பின்னே தமது பெயரை நிறுத்திக்கொண்டார். சிறு செயல்தான், செலவும் இல்லை. ஆனால் மாணவனின் உழைப்பின் மேல் ஆசிரியரின் பெயர் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வழக்கம் எத்தனை இடங்களில் உண்டு என்பதை அறிந்தவர்கள் அதன் பெருமையை உணர்வார்கள்.

மூன்றாவது நிகழ்ச்சிதான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. அந்தாட்டிக்காவில் ஹலி என்ற இடத்தில் பிரித்தானியர்க்கு ஓர் ஆய்வுநிலையம் உண்டு. 1957ஆம் ஆண்டைச் சார்ந்த அனைத்துலகப் புவிப்பௌதிக ஆண்டுக் காலந்தொட்டு, அங்கே தலைக்குமேலுள்ள ஓசோனை டொப்சன் என்பவர் அமைத்த கருவியால் அளந்து, தாள்களில் எழுதி அனுப்பிவந்தார்கள். தாள்கள் கேம்பிரிட்ஜிற் குவிந்து கிடந்தன. 1977இல் ஜொனதன் ஷாங்க்ளின் என்ற பௌதிகப் பட்டதாரி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தக் குவியலைக் கணனிக்குள் ஏற்றும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதியவர்களின் தலையில் விழுகின்ற வழமையான எழுத்துவேலை என்றே எவரும் சொல்வர்.

பொதுமக்கள் நிலையத்தைப் பார்வையிடும் நாளொன்று வந்தது. தெளிப்பான் புட்டிகளால் ஓசோனுக்குக் கேடு என்று ஊரெல்லாம் பேசிய காலம். அப்படியொன்றும் மாற்றமில்லை என்று மக்களுக்குக் காட்டுவோம் என எண்ணி, ஷாங்க்ளின் அவ்வாண்டின் அளவுகளைப் பழைய ஆண்டுகளின் அளவுகளோடு சேர்த்து ஒரு வரைபடம் கீறினார். வரைபடம் அவர் நினைத்தபடி அமையவில்லை. அந்தாட்டிக்க வசந்தகாலத்து அளவுகள் தெளிவாகத் தாழ்ந்திருந்தன! இல்லாததைக் காட்டப் புறப்பட்டவருக்கு இருப்பது வெளிப்பட்டது.

அவருடைய மேலாளர் ஜோ பார்மன் அனுபவம் முதிர்ந்தவர். எளிதில் நம்புகிறவர் அல்லர். ஓராண்டின் கணக்கை வைத்து உலகத்தைக் கலக்கக்கூடாது என்று அவர் தயங்கியதில் நியாயம் உண்டு. கருவியிற் பிழை இருக்கலாம். காற்றோட்டத்தின் விளையாட்டாகவும் இருக்கலாம். ஆனால் அவர் அந்த வரைபடத்தை மேசை இழுப்பறையிற் போட்டு மூடிவிடவுமில்லை. அடுத்தடுத்த வசந்தங்களின் அளவுகளும் வந்தன, வீழ்ச்சி தொடர்ந்தது. வடக்கேயிருந்த மற்றொரு நிலையத்தின் கணக்கையும் ஒப்பிட்டார்கள். அங்கும் குறைவு தெரிந்தது. 1950களின் இறுதியில் ஒக்டோபர் மாதத்தில் 300 அலகளவில் நின்ற ஓசோன், 1984இல் 200 அலகை அண்டி இறங்கியிருந்தது. 1985 மே மாதத்தில் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. ஓசோன் துவாரம் என்று நாம் இன்று சொல்வது அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அமெரிக்கச் செய்மதியும் அதே தாழ்ந்த அளவுகளை எடுத்திருந்தது. நம்பத்தகாதவை எனக் குறிக்கப்பட்டு அவை ஒதுங்கிக் கிடந்தன. பின்னர் மீளப் பார்த்தபோதே செய்மதியும் சாட்சி சொல்லிற்று. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரியும்தான், ஆனால் பார்க்கிறவர் வரம்பிலிருந்து வயலுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

துவாரம் இருந்தது; காரணம் விளங்கவில்லை. மொலினாவும் ரோலண்டும் சொன்ன வழியால் மட்டும் இத்தனை பெரிய அழிவு நேர முடியாது. இவ்விடத்தில் வருகிறார் சுசன் சொலமன் என்ற பெண்மணி. அந்தாட்டிக்கக் குளிர்காலத்தில் மிக உயரத்தில் உருவாகும் பனிமுகில்களின் மேற்பரப்பிலே, அடங்கிக் கிடக்கும் குளோரீன் விடுபடுகிறது. வசந்தத்தில் சூரியன் எழுந்ததும் அது ஓசோனைத் தாக்குகிறது என்ற விளக்கத்தை அவரும் உடன்பணியாளர் சிலரும் 1986இல் வெளியிட்டார்கள். அவர் கணித மாதிரிகளோடு வேலை செய்தவர். கருவிகளோடு பழகியவர் அல்லர். இருந்தும் அதே ஆண்டில் மக்மேடோ நிலையத்துக்குப் புறப்பட்ட ஆராய்ச்சிக் குழுவின் தலைமை அவரிடம் கொடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 30. கடுங்குளிரிலே கூரைமேல் ஏறிக் கண்ணாடியைத் திருப்பி, நிலவொளியைக் கருவிக்குள் செலுத்தி அளந்தார்கள். குளோரீன் ஈரொட்சைட்டு எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ நூறு மடங்கு இருந்தது. முப்பது வயதுக்காரியிடம் அந்தாட்டிக்காவை ஒப்படைப்பதா என்று எவராவது முணுமுணுத்தார்களோ, நானறியேன். ஒப்படைத்தவர்களுக்கு என் வணக்கம்.

1987 செப்டெம்பர் 16ஆம் நாள் மொன்றியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1989இல் இலங்கையும் அதிற் சேர்ந்துகொண்டது. காலப்போக்கில் உலக நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. அந்தாட்டிக்காவின் மேலுள்ள ஓசோன் 2066ஆம் ஆண்டளவில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்று, விஞ்ஞானிகளின் மதிப்பீடு 2022இல் கணித்தது.

குருட்சன், மொலினா, ரோலண்ட் மூவருக்கும் 1995இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. குருட்சனின் கட்டுரைக்கு 25 ஆண்டும், மற்ற இருவரின் கட்டுரைக்கு 21 ஆண்டும் சென்றபின் வந்த பரிசு அது. அதற்குள் அவர்கள் செய்யவேண்டியதைச் செய்து முடித்திருந்தார்கள்.

பரிசுப் பணத்தை மொலினா என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவர் அப்போது பேராசிரியராக இருந்தார். 1996இல், தமது பங்கிலிருந்து 2 இலட்சம் டொலரை அந்நிறுவனத்துக்கே கொடுத்தார். வளர்ந்துவரும் நாடுகளைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள் அங்கே வந்து சூழலைப்பற்றி ஆராய்வதற்கு உதவிப்பணமாக அது பயன்படவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.