தாய்மாரின் தேர்வு யார் கையில்?

ஐதராபாத்தின் நிலோஃபர் மருத்துவமனை 1953இல் திறக்கப்பட்டது. நிஜாம் குடும்பத்து மருமகளான இளவரசி நிலோஃபரிடம் பணிபுரிந்த பெண் ஒருவர் பிரசவத்தில் உயிரிழந்ததே அது உருவாகக் காரணம். அரண்மனைப் பணிப்பெண்ணுக்கே அன்று அந்த நிலை. இன்று அதே நகரில் திரும்பிய பக்கமெல்லாம் பிரசவ மருத்துவமனைகள். ஆனால் எங்கே, எப்படிப் பிள்ளை பெறுவது என்பதைத் தாய்தான் தீர்மானிக்கிறாரா?

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) விடை சொல்கிறது. தெலங்கானாவில் நூற்றுக்கு 60.7 பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நிகழ்ந்தன. தனியார் மருத்துவமனைகளில் இது 81.5 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 44.5 சதவீதம். அறுவைப் பிரசவம் பத்து சதவீதத்தைத் தாண்டினால், அதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது.

தாய்மார்களே அறுவையைக் கேட்கிறார்கள், குடும்பத்தார் முகூர்த்தம் குறித்துக்கொண்டு வருகிறார்கள் என்று ஒரு வாதம் வைக்கப்படுகிறது. அப்படிச் சிலர் உண்டு. ஆனால் இரு மருத்துவமனைகளுக்கு வருவோர் வீட்டிலும் இருப்பது ஒரே பஞ்சாங்கம்தான். சிக்கல் முற்றிய தாய்மார்களைக் கடைசி நேரத்தில் ஏற்பதும் பேட்லபுர்ஜ், காந்தி போன்ற அரசு மருத்துவமனைகளே. அப்படியிருந்தும் தனியாரிடம் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பாக இருப்பதேன்? இயல்பான பிரசவத்துக்குப் பல மணி நேரம் ஒருவர் உடனிருக்க வேண்டும். அறுவை விரைவில் முடியும், கட்டணமும் கூடும். லாபக் கணக்கு இங்கே மருத்துவ ஆலோசனையின் வேடத்தில் வருகிறது. வலியில் துடிப்பவரிடம் "குழந்தைக்கு ஆபத்து" என்றால் எந்தத் தாய் மறுப்பார்? கட்டுமானத் தொழிலாளியான பெண்ணுக்கோ, கடனோடு பல வாரக் கூலியும் போகிறது.

அரசு தலையிட்டால் நிலைமை மாறும் என்பதற்கும் தெலங்கானாவே சான்று. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெறும் பெண்ணுக்குத் தவணைகளில் 12,000 ரூபாயும், பெண் குழந்தையானால் 13,000 ரூபாயும், குழந்தைக்கான பொருள்களும் வழங்கும் திட்டம் 2017இல் தொடங்கியது. நான்காவது ஆய்வில் (2015-16) 30.5 சதவீதமாக இருந்த அரசு மருத்துவமனைப் பிரசவங்கள் ஐந்தாவது ஆய்வில் 49.7 சதவீதமாயின. கையில் பணமும் மனத்தில் நம்பிக்கையும் இருந்தால் பெண்கள் பொது மருத்துவமனையைத் தேடி வருகிறார்கள்.

எனினும் பணமும் பரிசுப்பெட்டியும் மட்டும் போதா. அரசு மருத்துவமனையிலும் 44.5 சதவீதம் என்பது மிகை. வலி எடுத்தது முதல் தாயின் அருகிலிருக்கப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் தேவை, படுக்கைகள் தேவை, கடிந்து பேசாத பிரசவ அறை தேவை. கருவுற்ற நாள்முதல் தாயை அழைத்துவரும் ஆஷா ஊழியர்களோ, மாதம் 18,000 ரூபாய் ஊதியம் கேட்டு 2023இல் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது.

இது தெலங்கானாவின் கதை மட்டுமல்ல. அதே ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் அறுவைப் பிரசவம் 63.8 சதவீதம்; அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை: ஒவ்வொரு மருத்துவமனையும் தன் அறுவைப் பிரசவ விகிதத்தை வாயிலில் எழுதி வைக்க வேண்டும், காரணமற்ற அறுவைகள் தணிக்கை செய்யப்பட வேண்டும், அரசு மருத்துவமனைக் காலியிடங்கள் நிரந்தரப் பணியிடங்களாக நிரப்பப்பட வேண்டும். மாதர், தொழிற்சங்க அரங்கத் தோழர்கள் இவற்றைக் குடியிருப்புகள்தோறும் கொண்டுசெல்ல வேண்டும். பொது மருத்துவமனை வலுப்பெறும்போதுதான் தாயின் தேர்வு உண்மையிலேயே தாயினுடையதாகும்.