தங்க நட்சத்திரம் பெற்ற நூர்



கொல்கத்தாவில் இருக்கும் நாம் எல்லோரும் தர்மதலா பக்கம் போயிருப்போம். அங்கே சாலை ஓரத்தில் ஒரு பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அதன் பெயர் திப்பு சுல்தான் பள்ளிவாசல். திப்பு மைசூரை ஆண்டவர். அவருக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

1799இல் ஆங்கிலேயரோடு நடந்த போரில் திப்பு இறந்தார். அவர் குடும்பத்தை நம் தமிழ்நாட்டில் வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தார்கள். 1806இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அதன்பின் அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். திப்புவின் மகன் குலாம் முகமது கட்டியதுதான் அந்தப் பள்ளிவாசல்.

திப்புவின் வம்சத்தில் இன்னொரு கிளையில் வந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் பெயர் நூர் இனாயத் கான். பிரான்ஸ் நாடு வீரத்துக்காக அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

நூரின் தந்தை இனாயத் கான் பரோடாவில் பிறந்தவர். பெரிய பாடகர், சூஃபி ஞானி. இதே கல்கத்தாவில் தங்கிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். 1910இல் வெளிநாடு போனார். அமெரிக்கப் பெண்ணை மணந்தார். 1914இல் மாஸ்கோவில் நூர் பிறந்தார். பாரிஸ் அருகே வளர்ந்தார்.

நூர் கூச்சம் உள்ள பெண். வீணை வாசிப்பார். குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். புத்தரின் ஜாதகக் கதைகள் இருபதை எடுத்து எழுதினார். 1939இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு கதை குரங்கு அரசனுடையது. ஆபத்து வந்தபோது அந்த அரசன் தன் உடம்பையே பாலமாக்கிக் கிடந்தது. மற்ற குரங்குகள் அதன்மேல் ஏறித் தப்பின. அரசனோ உயிர் இழந்தது.

1940இல் ஹிட்லரின் ஜெர்மன் படை பிரான்சைப் பிடித்தது. நூரின் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது. நூர் அங்கே விமானப் படையில் சேர்ந்தார். கம்பியில்லாத் தந்தி அனுப்பக் கற்றார். 1943 ஜூன் மாதம் ஓர் இரவு, விமானத்தில் பிரான்சுக்குள் ரகசியமாக இறங்கினார். அந்த வேலைக்கு இங்கிலாந்திலிருந்து போன முதல் பெண் அவர்தான்.

என்ன வேலை? தந்திக் கருவியைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாற வேண்டும். எதிரியின் செய்திகளை லண்டனுக்கு அனுப்ப வேண்டும். பிடிபட்டால் சாவுதான்.

அவர் போய்ச் சேர்ந்த சில நாட்களில் கூட்டாளிகள் பலர் பிடிபட்டார்கள். "திரும்பி வந்துவிடு" என்றது லண்டன். நூர் மறுத்தார். பாரிசில் அப்போது தந்தி அனுப்ப அவர் ஒருவர்தான் மிச்சம். அவரும் போய்விட்டால் செய்தி போக வழி ஏது? மூன்று மாதத்துக்கு மேல் தனி ஆளாகத் தாக்குப்பிடித்தார். அக்டோபரில் அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர் ஒரு தவறும் செய்திருந்தார். அனுப்பிய செய்திகளை நோட்டில் எழுதி வைத்திருந்தார். நோட்டு எதிரி கையில் சிக்கியது. அவர் பெயரிலேயே எதிரிகள் பொய்ச் செய்தி அனுப்பினார்கள். அதை நம்பி வந்த வேறு சிலரும் பிடிபட்டார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. வீரர்களும் மனிதர்கள்தானே?

ஆனால் விசாரணையில் நூர் வாய் திறக்கவில்லை. இரண்டு முறை தப்பப் பார்த்தார். "இனித் தப்ப மாட்டேன் என்று கையெழுத்துப் போடு" என்றார்கள். போட மாட்டேன் என்றார். ஜெர்மனிச் சிறையில் கைகால்களில் சங்கிலி போட்டு, பத்து மாதம் தனியாக அடைத்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 30.

1946இல் பிரான்ஸ் அவருக்குக் "குரோவா து கெர்" என்ற பதக்கம் கொடுத்தது. இதன் பொருள் போர்ச் சிலுவை. பெயர்தான் சிலுவை. எந்த மதத்தவருக்கும் கொடுப்பார்கள். முதல் உலகப் போரின்போது 1915இல் இதை ஏற்படுத்தினார்கள். வெண்கலத்தால் ஆனது. இரண்டு வாள்கள் குறுக்காக இருக்கும். ஒருவருடைய வீரச் செயலை எந்த அளவில் பாராட்டினார்கள் என்பதை நாடாவில் உள்ள சின்னம் சொல்லும். சின்னப் படைப்பிரிவு பாராட்டினால் வெண்கல நட்சத்திரம். அதற்கு மேல் வெள்ளி. அதற்கும் மேல் தங்க நிறம். எல்லாவற்றுக்கும் மேலே ஓலை வடிவம். நூருக்குக் கிடைத்தது தங்க நட்சத்திரம். 1949இல் இங்கிலாந்தும் "ஜார்ஜ் கிராஸ்" என்ற உயர்ந்த பதக்கம் கொடுத்தது. இரண்டையும் அணிய அவர் உயிரோடு இல்லை.

பல ஆண்டுகள் நம் நாட்டில் அவரைப் பலருக்குத் தெரியாது. கொல்கத்தாவின் ஆனந்தபஜார் பத்திரிகைக்கு லண்டனிலிருந்து செய்தி எழுதிய ஸ்ராபணி பாசு, 2006இல் நூரின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அவர் எடுத்த முயற்சியால் 2012இல் லண்டனில் நூருக்குச் சிலை வைத்தார்கள்.

நண்பர்களே, நூர் கையில் இருந்த ஆயுதம் எது? எழுத்துதான். புள்ளியும் கோடுமாகத் தட்டிய எழுத்து. குரங்கு அரசன் கதையை எழுதிய பெண், கடைசியில் தானே பாலமாகக் கிடந்தார். அடுத்த முறை தர்மதலா வழியாகப் போகும்போது, அந்தப் பள்ளிவாசலைக் காட்டி உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.