தெரியாத மின்னோட்டத்தை அறியும் வழி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவது மரபு. நானோ பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கூற வந்துள்ளேன். மின்தடைக் கணக்கைக் கண்டதும், "இது நமக்கு வராது" என்று அறிவியல் பிரிவையே கைவிட்ட நம் பிள்ளைகள் பலரை அறிவேன். அவ்வச்சம் எனக்கும் இருந்தது. நான் வரலாறு பயின்ற பட்டதாரி. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஓராண்டு அறிவியல் ஆசிரியர் இல்லை. இரவில் பாடநூலை நானே பயின்று பகலில் கற்பித்தேன். அப்போது தெளிந்ததையே இன்று கூறுகிறேன்.

18 வோல்ட் மின்கல அடுக்கு ஒன்று. அதனை அடுத்து 4 ஓம் தடை. பின்னர்ப் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் 6 ஓம். மறு கிளையில் 1 ஓமும் 2 ஓமும் ஒன்றன்பின் ஒன்றாக. இரு கிளைகளும் மீண்டும் கூடி மின்கலத்தை அடைகின்றன. அந்த 2 ஓம் தடையில் பாயும் மின்னோட்டம் யாது?

மின்கலத்திற்கு அப்பாலுள்ள கடைக்கோடியிலிருந்து தொடங்குக. தொடரிணைப்பிலுள்ள தடைகளைக் கூட்டுக: 1, 2 சேர்ந்து 3 ஓம். பக்க இணைப்பிலுள்ள இரண்டின் பெருக்கற்பலனைக் கூட்டுத்தொகையால் வகுக்க: 6, 3 சேர்ந்து 18/9, அதாவது 2 ஓம். இதனுடன் 4 ஓமைக் கூட்ட, தொகுபயன் தடை 6 ஓம். சிக்கலான சுற்று ஒரே தடையாயிற்று. ஓம் விதிப்படி 18-ஐ 6-ஆல் வகுக்க, மொத்த மின்னோட்டம் 3 ஆம்பியர்.

இனி, வந்த வழியே திரும்புக. 4 ஓம் தடையில் 12 வோல்ட் செலவாகிறது. கிளைகளுக்கு எஞ்சுவது 6 வோல்ட். 6 ஓம் கிளையில் 1 ஆம்பியர். 3 ஓம் கிளையில் 2 ஆம்பியர். தேடிய விடை 2 ஆம்பியர். 1-ம் 2-ம் கூடி 3 ஆவதால் விடை சரியென்பது உறுதி.

எல்லாச் சுற்றுகளும் இவ்வாறு சுருங்கிவிடா. சமனிலையில் இல்லாத வீட்ஸ்டன் சமனச் சுற்று போன்றவற்றிற்கு, 1845-இல் கிர்க்காஃப் வகுத்த விதிகள் தேவை. அவற்றை வகுத்தபோது அவரும் ஒரு மாணவரே!

ஓம் விதியைத் தந்த ஜார்ஜ் சைமன் ஓம், 1789-இல் ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். முறையான கல்வி பெறாத அத்தந்தை, தாமே பயின்று தம் மக்களுக்குக் கணிதம் கற்பித்தார். பள்ளி ஆசிரியராய் இருந்து ஆய்வு செய்த ஓம், 1827-இல் தம் நூலை வெளியிட்டார். தொடக்கத்தில் அது உரிய மதிப்பைப் பெறவில்லை. 1841-இல் இலண்டன் இராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. பெற்றோர்களே, அத்தந்தையை நினைவிற் கொள்ளுங்கள்.

இக்கல்வி தேர்வுக்கு மட்டுமன்று. சிவகாசி வட்டாரத்தில் மருந்தறைக்குள் நுழையுமுன், தரையுடன் இணைத்த உலோகத் தகட்டைத் தொடுகிறோம். உடலில் தேங்கிய நிலைமின், தடை குறைந்த அவ்வழியே மண்ணில் இறங்குகிறது. இறங்காவிடின் ஒரு சிறு பொறி போதும். விதியென்று மட்டும் கேட்டவர் அவசரத்தில் மறக்கலாம். காரணம் அறிந்தவர் மறவார்.

இறுதியாக ஒன்று. 6 ஓமும் 3 ஓமும் பக்கத்தில் இணைந்தபோது கிடைத்தது 2 ஓம், இரண்டினும் குறைவு. புதிய பாதை தானும் தடையுடையதே. ஆயினும் அது சேர்ந்ததும் மொத்தத் தடை குறைந்தது. ஒரு மாலை வகுப்பு, ஒரு படிப்பகம், தம்பிக்குப் பாடம் சொல்லும் ஓர் அக்காள் என நாம் திறக்கும் ஒவ்வொரு பாதையும் அத்தகையதே. இளைஞர்களே, வாரம் ஒரு மாலை வாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.