சங்கிலியின் கடைசிக் கண்ணி யார்?

(சங்கரன்கோவிலில் விசைத்தறி, பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். களையெடுத்த கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். "ஆள் சேர்த்தால் பணம்" என்று நம் தெருக்களில் நடக்கிறதே ஒரு வியாபாரம், அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. எம்.எல்.எம். என்கிறார்கள், நெட்வொர்க் பிசினஸ் என்கிறார்கள், சங்கிலி வியாபாரம் என்கிறார்கள். பெயர் பல, சங்கதி ஒன்று.

சென்ற வாரம் ஒரு தாயார் நம்மிடம் வந்தார். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். இவர் வீட்டில் தார் சுற்றுகிறார். மகளிர் குழுவில் வாங்கிய கடனிலிருந்து பன்னிரண்டாயிரம் ரூபாயை ஒரு கம்பெனியில் கட்டியிருக்கிறார். பதிலுக்குச் சத்துமாவும் சோப்பும் பற்பசையும் ஒரு பெட்டியில் வந்தன. "அக்கா, ரெண்டே ரெண்டு பேரைச் சேருங்க, போதும்" என்றார்கள். "மதினி, என்னை நம்பிப் போடுங்க" என்று நாத்தனாரைச் சேர்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் சேர்த்தார். ஆளுக்கு இரண்டாயிரம் வீதம் நாலாயிரம் ரூபாய் கைக்கு வந்தது. அதோடு சரி. அந்த இருவராலும் வேறு யாரையும் சேர்க்க முடியவில்லை. ஆறு மாதமாகிறது. கடனுக்கு வாரத் தவணை நிற்கவில்லை. நாத்தனார் முகம் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டில் வாசலில் நின்று ஏசுகிறார்கள்.

அந்தத் தாயார் பணத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "நான் செஞ்சது திருட்டா?" என்றுதான் கேட்டார்.

தோழர்களே, அந்தக் கேள்விக்கு நாம் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் கணக்கைப் பார்ப்போம்.

இது வியாபாரமா?

நம் ஊர்ப் பூச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து மல்லிகையும் பிச்சியும் வந்து இறங்குகின்றன. வியாபாரி வாங்குகிறார், பூக்கட்டுகிறவர் வாங்குகிறார், கடைசியில் தலையில் சூடுகிற பெண் வாங்குகிறார். அவர் காசு கொடுப்பது பூவுக்காக. தானும் பூ வியாபாரி ஆகிவிடலாம் என்பதற்காக அல்ல. அந்தக் கடைசிக் காசுதான் சந்தை முழுவதையும் நடத்துகிறது. பறிக்கிற கைக்கும் பயிரிட்டவருக்கும் நியாயமான பங்கு கிடைக்கிறதா என்பது வேறு வழக்கு. ஆனால் பூ விற்பது மெய்.

இந்தக் கம்பெனியின் சத்துமாவை யார் வாங்குகிறார்கள்? சேருகிறவர்தான் வாங்குகிறார். சேராத ஒருவர் கடைவீதியில் தேடிப்போய் அதை வாங்குகிறாரா? அந்தத் தாயாரின் பெட்டியில் இருந்த சாமான்களுக்கு ஈடானவற்றை நம் கடைகளில் விலை விசாரித்தோம். மூவாயிரத்துக்கு மேல் போகவில்லை. பன்னிரண்டாயிரம் கொடுத்து மூவாயிரம் சாமானை எந்த மனிதர் வாங்குவார்? பின்னால் பணம் வரும் என்ற ஆசை இருந்தால்தான் வாங்குவார். ஆகவே அங்கே விற்கப்பட்ட சரக்கு சத்துமாவு அல்ல, ஆசை. சத்துமாவு அதன்மேல் சுற்றிய காகிதம்!

கணக்கு என்ன சொல்கிறது?

இனி கணக்கு. தினமும் மீட்டர் கணக்கும் கூலிக் கணக்கும் பார்க்கிற நமக்கு இது பெரிய கணக்கல்ல.

முதலில் ஒருவர். அவர் இருவரைச் சேர்க்கிறார். அந்த இருவர் நால்வரை, நால்வர் எட்டுப் பேரை. வரிசைக்கு வரிசை இரட்டிக்கிறது. பதினேழாவது வரிசை வரும்போது மொத்தம் 1,31,071 பேர். தொட்டில் குழந்தையிலிருந்து தொண்ணூறு வயதுப் பாட்டி வரை சேர்த்தாலும் சங்கரன்கோவில் நகரில் அத்தனை பேர் கிடையாது. இருபத்தேழாவது வரிசையில் 13 கோடியே 42 லட்சம் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். முப்பத்தொன்றாவது வரிசைக்கு 214 கோடிப் பேர் வேண்டும். இந்தியா முழுவதும் போதாது. சங்கிலி எங்காவது அறுந்தே தீரும். அது யாருடைய சோம்பலாலும் அறுவதில்லை. ஆள் இல்லாமல் அறுகிறது.

"அறுந்தால் அறட்டும், அதற்குள் நாம் சம்பாதித்துவிடலாமே" என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் கவனிக்க வேண்டும். சங்கிலி எட்டாவது வரிசையில் அறுந்தாலும் சரி, பதினெட்டாவது வரிசையில் அறுந்தாலும் சரி, கடைசி வரிசையில் நிற்பவர்களின் தொகை, அவர்களுக்கு மேலே உள்ள அத்தனை பேரின் தொகையைவிட ஒன்று அதிகம். அதாவது பாதிப் பேருக்குக் கீழே ஒருவருமே இல்லை. அவர்களுக்கு ஒரு பைசா கிடையாது.

அந்தத் தாயாரின் கம்பெனிக் கணக்கையே போடுவோம். கட்டுவது பன்னிரண்டாயிரம். நமக்குக் கீழே இரண்டு வரிசை வரை, ஆளுக்கு இரண்டாயிரம் கமிஷன். கடைசி வரிசைக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல் வரிசைக்கு இரண்டு பேர் வழியாக நாலாயிரம், எட்டாயிரம் நஷ்டம். அதற்கும் மேல் வரிசைக்கு இரண்டும் நாலும் ஆறு பேர், பன்னிரண்டாயிரம். போட்ட முதல் வந்தது, லாபம் கிடையாது. கூட்டிப் பாருங்கள். நூறு பேரில் ஏறக்குறைய எழுபத்தைந்து பேருக்கு நஷ்டம். பன்னிரண்டு பேருக்குப் போட்டது மட்டும் திரும்பும். இவ்வளவும் ஒவ்வொருவரும் தவறாமல் இருவரைச் சேர்த்தால்! நடப்பில் பலர் ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாமல் நிற்கிறார்கள்; நஷ்டக் கணக்கு இன்னும் ஏறுகிறது.

கம்பெனியின் பக்கம் என்ன? ஒவ்வொரு பன்னிரண்டாயிரத்திலும் கமிஷன் நாலாயிரம் போக எட்டாயிரம் அதன் கையில். சாமானுக்கும் செலவுக்கும் கொடுத்தது போக மீதி லாபம். கடைசி வரிசை அழுதாலும் கம்பெனிக்கு நஷ்டமே இல்லை.

ஏலச்சீட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது பேர் மாதம் ஆயிரம் போடுகிறோம். பணம் சுற்றி வருகிறது. முன்னே பின்னே ஆனாலும், தள்ளு கொடுத்தாலும், ஒவ்வொருவரும் ஒரு தடவை எடுத்துவிடுகிறோம். அது வட்டம். இதில் பணம் மேலே மட்டும்தான் போகிறது. கீழே இறங்கி வருவதற்கு வழியே வைக்கவில்லை.

பழி யார் மேல்?

ஆனால் மண்டபக் கூட்டத்தில் என்ன சொல்கிறார்கள்? கோட்டுப் போட்ட ஒருவர் மேடையேறுகிறார். "நானும் உங்களைப் போல் கஷ்டப்பட்டவன்தான், இன்று கார் வைத்திருக்கிறேன்" என்கிறார். கைதட்டு. "தோற்றவன் உழைக்காதவன், நம்பிக்கையில்லாதவன்" என்கிறார். அதற்கும் கைதட்டு!

உழைக்காதவர்களா நாம்? தறிச் சத்தத்தில் காது மந்தமாகும்வரை நிற்கிறவர் உழைக்காதவரா? பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு இரவு ஷிப்ட் பார்க்கிற பெண் உழைக்காதவரா? கணக்கிலேயே எழுதி வைத்த தோல்வியை நம் தலையில் சுமத்துகிறார்கள். நாமும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம். அந்த வெட்கம்தான் அவர்களுக்கு அடுத்த ஊருக்குப் போக வழிச்செலவு.

இது நம் ஊரின் தலைவிதி மட்டுமல்ல. பெரிய பணக்கார நாடான அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் 2024ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இத்தகைய 70 கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான விவரங்களை அது படித்துப் பார்த்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைத்தது 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. குறைந்தது 17 கம்பெனிகளில் பெரும்பாலோருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர்கள் கைப்பொறுப்பில் செய்த செலவை அந்த விவரங்களில் பெரும்பாலும் கழிக்கவே இல்லை. அதே ஆணையம் தொடுத்த வழக்கில்தான் 2016ல் ஹெர்பாலைஃப் கம்பெனி 20 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கம்பெனிகளின் சொந்த ஏடே இப்படிச் சொன்னால், மண்டபத்துக் கோட்டுக்காரரின் பேச்சை எந்தத் தராசில் வைப்பது?

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். கோவையில் மைவி3 ஆட்ஸ் என்று ஒரு கம்பெனி. செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம், ஆள் சேர்த்தால் மேலும் பணம் என்றது. உறுப்பினர் ஆவதற்குப் படிப்படியாகக் கட்டணம். உச்சிப் படிக்கு லட்சத்துக்கும் மேல். 2024 ஜனவரியில் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அதே மாதம் நீலாம்பூரில் பல ஆயிரம் பேர் திரண்டார்கள். எதற்கு? கம்பெனிக்கு ஆதரவாக! குற்றம் எதுவும் செய்யவில்லை என்கிறது கம்பெனி. அதைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். நாம் கேட்பது வேறு: பணம் கட்டிய ஜனங்கள் ஏன் கம்பெனிக்காகத் தெருவில் நின்றார்கள்? கம்பெனி நின்றால் தங்கள் பணம் போய்விடும். தாங்கள் சேர்த்துவிட்டவர்கள் தங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். கட்டியவரையே காவல்காரராக்கிவிடுகிறது இந்த ஏற்பாடு. இதைவிடத் தந்திரம் வேறென்ன வேண்டும்?

சட்டம் இருக்கிறது

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு பரிசுச் சீட்டுகளைத் தடை செய்யச் சொன்னது. அதன் பிறகு 1978ல் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் வந்தது. உறுப்பினர் சேர்ப்பதை வைத்துப் பணம் தருவதாக வாக்களிக்கும் திட்டத்தை நடத்தக் கூடாது. அதில் ஆளைச் சேர்க்கவும் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் ஆள் சேர்ப்பில் பலன் தரும் அடுக்குத் திட்டங்களைத் தடுக்கின்றன.

"நீயும்தான் ஆள் சேர்த்தாய், புகார் கொடுத்தால் நீயும் உள்ளே போவாய்" என்று இந்தச் சட்டத்தைக் காட்டியே நம்மை மிரட்டுகிறவர்கள் உண்டு. தனியாகப் போனால் பயம்தான். ஏமாந்த அத்தனை பேரும் சேர்ந்து, ஒரு வக்கீலைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மேலே இருந்து ஆரம்பித்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் பயம் யாருக்கு?

இனி யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சேருவதற்கு நான் பணம் கட்ட வேண்டுமா? சேராத மனிதர்கள் இந்தச் சரக்கை இந்த விலைக்கு வாங்குகிறார்களா? யாரையுமே சேர்க்காமல், சரக்கை மட்டும் விற்று நான் பிழைக்க முடியுமா? பதில் மழுப்பலாக வந்தால், "போய் வாருங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள்.

அந்தத் தாயாருக்கு நம் பதில்

தோழர்களே, ஒரு தெருவில் நமக்கு இருக்கிற சொத்து என்ன? நிலமா, நகையா? நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கிறது. கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினால் பக்கத்துத் தறிக்காரரும் நிறுத்துவார் என்ற தைரியம் இருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் இந்தக் கம்பெனிகள் கமிஷன் பேசி வாங்குகின்றன. விளம்பரத்தை நம்பாத நாத்தனார், மதினியின் சொல்லை நம்பினார். போன பணத்தை ஒரு வருஷம் வயிற்றைக் கட்டி அடைத்துவிடலாம். போன நம்பிக்கையை எதை அடகு வைத்து மீட்பது?

ஆகவே அந்தத் தாயாருக்குச் சொல்கிறோம்: அம்மா, நீங்கள் திருடவில்லை. உங்களிடம் ஒருவர் தந்த பொய்யை, பொய் என்று தெரியாமல், இருவரிடம் கைமாற்றினீர்கள். அந்தப் பொய்யைச் செய்தவர் வேறு. ஆனால் போன பணத்தை மீட்பதற்காக, இப்போது தெரிந்துகொண்டே மூன்றாவது ஒருவரைச் சேர்த்தால், அன்றைக்கு எங்கள் பதில் வேறாக இருக்கும். நாத்தனாரிடம் நீங்களே போய் உள்ளதைச் சொல்லுங்கள். கூடவே நாங்களும் வருகிறோம்.

அவரை ஏசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவரும் உங்களைப் போல் எட்டாயிரம் இழந்து நிற்கிறவர்தான். உங்கள் கோபம் பக்கத்து வாசலோடு நின்றுவிட்டால், கம்பெனிக்காரன் நிம்மதியாகத் தூங்குவான்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்போம். பணம் கட்டிய ரசீது, செல்போனில் வந்த செய்தி, வங்கிக் கணக்குப் புத்தகம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருகிறோம். பெயர்களைச் சேர்த்து ஒரே மனுவாகத் தென்காசி மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளரிடமும், பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் கொடுப்போம். நுகர்வோர் உதவி எண் 1915லும் புகாரைப் பதிவு செய்வோம். பணம் முழுவதும் திரும்பிவிடும் என்று வாக்குத் தரமாட்டோம். வெறும் வாக்குக் கொடுத்துத்தான் அவர்கள் நம்மைக் கெடுத்தார்கள். ஆனால் நாளைக் காலையில் அடுத்த தெருவில் இன்னொரு தாய் பெட்டியை வாங்காமல் தடுக்க முடியும். அது நம் கையில் இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல. வாருங்கள், பெயரைச் சொல்லுங்கள்!