ஒரு டாலர் தீர்ப்பும் பத்து லட்சம் டாலர் பாலிசியும்

2016-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டியர் வேலி பனிச்சறுக்குத் தளத்தில் சறுக்கிக்கொண்டிருந்த இருவர் மோதிக்கொண்டார்கள். ஒருவர் ஹாலிவுட் நடிகை குவினெத் பால்ட்ரோ. மற்றவர், விலா எலும்பு முறிந்தது, மூளையில் அடிபட்டது என்று 31 லட்சம் டாலர் கேட்டு 2019-ல் வழக்குப் போட்டார். பிறகு அந்தத் தொகை 3 லட்சமாக இறங்கியது. 2023-ல் ஜூரி தீர்ப்புச் சொன்னது: தவறு முழுக்க வழக்குப் போட்டவருடையது. எதிர்வழக்கில் நடிகை நஷ்டஈடாகக் கேட்டது ஒரே ஒரு டாலர். அது கிடைத்தது.

ஆனால் அமெரிக்காவில் பொதுவாக, ஜெயித்தவரும் தம் வக்கீலுக்குத் தாமே பணம் கட்ட வேண்டும். நடிகையால் முடியும். மாதச் சம்பளக்காரர் என்ன செய்வார்?

அங்கேதான் அம்ப்ரெல்லா இன்ஷூரன்ஸ் வருகிறது. பிறருக்கு நாம் விளைவிக்கும் காயத்துக்கும் சேதத்துக்கும் கார், வீட்டு பாலிசிகளிலேயே ஓரளவு காப்பு உண்டு. ஆனால் காருக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மிகச் சொற்பம். கலிபோர்னியாவில் 2025 முதல்தான் ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர். அதற்கு முன் 15,000. சில நாள் ஆஸ்பத்திரி வாசமே அதை விழுங்கிவிடும். அடிப்படை பாலிசி தீர்ந்த இடத்தில் அம்ப்ரெல்லா தொடங்கும். பத்து லட்சம் டாலர் கணக்கில் விற்கிறார்கள். முதல் பத்து லட்சத்துக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர்தான் பிரீமியம்.

மலிவுதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கார் பாலிசியில் ஒருவருக்கு 2,50,000, வீட்டு பாலிசியில் 3,00,000 என்ற அளவில் முதலில் காப்பை உயர்த்தச் சொல்வது கம்பெனிகளின் வழக்கம். அந்தக் கூடுதல் செலவையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

“சொத்து இருப்பவர்களுக்குத்தானே இது?” என்பார்கள். பாதிதான் சரி. காயத்துக்கு இவ்வளவு என்று ஜூரி கணக்கிடும்போது எதிராளியின் சேமிப்பைப் பார்த்துப் போடுவதில்லை. வசூலிக்கும் கட்டத்தில்தான் சொத்துக்கு வேலை. கூட்டாட்சிச் சட்டப்படி, பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் வரை பறிமுதலாகலாம். ஆனால் டெக்சாஸில் சாதாரணக் கடன் தீர்ப்புக்குச் சம்பளத்தைத் தொட முடியாது. குடியிருக்கும் வீட்டுக்கும் வலுவான பாதுகாப்பு உண்டு. 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பையும் பொதுவாக நெருங்க முடியாது. ஆகவே டெக்சாஸில் ஓய்வுபெற்றவரைவிட, வேறு மாநிலத்தில் சொத்தே இல்லாமல் நல்ல சம்பளம் வாங்கும் இளம் டாக்டருக்கு இது அவசரமாக இருக்கலாம்.

வீட்டில் யார், என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளை கையில் லைசென்ஸ் வந்ததும்தான் இந்தப் பேச்சு கிளம்பும். புளோரிடாவில், அனுமதி பெற்று யார் ஓட்டினாலும் கார் சொந்தக்காரரும் பொறுப்பு. கலிபோர்னியாவில் நாய் முதன்முறையாகக் கடித்தாலும் வளர்த்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீச்சல் குளம் இருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டியதுதான்.

வாங்குபவருடைய சொந்தக் காயத்துக்கோ, வேண்டுமென்றே செய்த தீங்குக்கோ, தொழிலில் வரும் வழக்குக்கோ இது பொதுவாக உதவாது. வக்கீல் செலவைக் காப்புத் தொகைக்கு வெளியே தருகிறார்களா, அதிலிருந்தே கழிக்கிறார்களா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் ஏஜெண்டிடம் கேட்டுவிடலாம்.